கன்னக்கட்டை செய்யலாமா, கூடாதா? எழுத்தில் சொல்லுங்கள்

மத்திய உள்துறை அமைச்சகத்தில் ஆயுதச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தச்சு வேலை செய்பவன். 31 வருஷமாக உளியும் இழைப்புளியும்தான் என் பிழைப்பு. போன செவ்வாய்க்கிழமை எங்கள் மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் ஐந்தாவது முறையாகப் போய் நின்றேன். என் மகள் சுடுகிற துப்பாக்கிக்கு மரத்தில் ஒரு கன்னக்கட்டை நானே செய்து கொடுக்கலாமா என்று கேட்டு எட்டு மாதத்துக்கு முன்பு கொடுத்த மனுவுக்குப் பதில் கேட்டேன். "துப்பாக்கி சமாச்சாரம், எழுத்துல எல்லாம் தரமாட்டாங்க. நீங்களே பார்த்துப் பண்ணிக்குங்க" என்றார் அங்கிருந்தவர். எதைப் பார்த்துப் பண்ணுவது ஐயா? தப்பாகப் பண்ணிவிட்டால் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது சட்டம்.

என் மகளுக்கு 17 வயது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் மூன்று வருஷமாகப் பயிற்சி எடுக்கிறாள். 50 மீட்டர் ரைபிள். துப்பாக்கி சங்கத்துடையது, ஜெர்மனியிலிருந்து வந்தது, எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கிறது. அதன் மரக்கட்டையில் கன்னம் பதிகிற துண்டு விரிசல் விட்டு வெடித்துப்போய்விட்டது. அதைத்தான் நான் கன்னக்கட்டை என்கிறேன். இரும்பு வேலை ஒன்றுமே இல்லை. குழலில், விரலால் இழுக்கிற குதிரையில், தோட்டா போகிற பாதையில் எதிலும் அது படாது. ஒரு சாண் நீள மரத்துண்டு, அவ்வளவுதான்.

ஆனால் அது இல்லாமல் சுட முடியாது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொரு முறையும் கன்னம் அதே இடத்தில் பதிந்தால்தான் கண் துப்பாக்கியில் குறி பார்க்கிற சின்ன ஓட்டைக்கு நேராக வரும். இப்போது அவள் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று நூல், அதாவது கால் அங்குலத்துக்கும் மேல், இடைவெளி இருக்கிறது. பழைய துணித்துண்டு ஒன்றை நாலாக மடித்து, டேப் சுற்றி, அதில் கன்னத்தை வைத்துச் சுடுகிறாள். இருபது ரவுண்டு போவதற்குள் துணி அமுங்கிவிடும். எழுந்து, பிரித்து, மறுபடி சுற்றுவாள். போன போட்டியில் துப்பாக்கியைச் சோதிக்கிற மேசையிலேயே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றிவிட்டுத்தான் சுட்டாள். வீட்டுக்கு வரும்வரை பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு நாள் வேலை ஐயா இது. மகளின் முகத்துக்கு அளவெடுத்து, வாகை மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசிக் கொடுத்துவிடுவேன். உளியை எடுத்த அன்றைக்குத்தான் சங்கச் செயலாளர் தடுத்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் பயம் நியாயமானது. சங்கத்து உறுப்பினரான வக்கீல் ஒருவர் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். பிரிவு 5-இன்படி உரிமம் இல்லாமல் செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் குற்றம். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு, போனால் ஆயுள் தண்டனை. பிரிவு 45-இல் 'சிறு பாகங்கள்' என்று ஒரு விலக்கு வருகிறது. அதுவும் மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதவற்றுக்குத்தான். என் மரத்துண்டு துப்பாக்கியில் பொருத்தத்தானே போகிறது?

உரிமம் உள்ள கடைக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். தோட்டம் வைத்திருப்பவர்களின் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் அவர்களுக்குப் பழக்கம், இந்த வேலை தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்க விசாரித்தோம். விலையைக் கேட்டதும் மனசு ஆறவில்லை. அதற்கும் இறக்குமதி அனுமதி, அதற்கும் மனு.

அமெரிக்காவில்கூட இதற்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். வெளிநாட்டுப் பாகங்களை வைத்து ஒருவர் அங்கே சில வகை அரைத்தானியங்கி ரைபிள்களை (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுகிறவை) சேர்த்துப் பூட்டினால், பட்டியலில் உள்ள 20 பாகங்களில் 10-க்கு மேல் இறக்குமதியானதாக இருக்கக் கூடாது. குழல், குதிரை, தோள்கட்டை, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்த் துப்பாக்கிப் பழக்கம் நமக்கு வேண்டாம். நம் சட்டம் கடுமையாக இருப்பதே நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எது பாகம் என்று அங்கே ஒரு சாதாரண ஆள் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஒன்றைத்தான் நானும் கேட்கிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இதே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோது நாடே கொண்டாடியது. எங்கள் வீட்டிலும் கொண்டாடினோம். பதக்கம் வருகிற அன்றைக்குக் கைதட்ட எல்லாரும் இருக்கிறோம். வெடித்த கட்டைக்கு வழி கேட்டு வருகிற அப்பனுக்கு ஒரு நாற்காலி காட்டக்கூட யாரும் இல்லை. ரேஷன் அட்டையில் பெயர் திருத்தப் போனாலும் இதே கதைதான். வாயால் ஆயிரம் சொல்வார்கள், தாளில் ஒரு வரி வராது. கள்ளத்துப்பாக்கி செய்கிறவன் மனு போட்டு வரிசையில் நிற்பதில்லை. நிற்பது நாங்கள்தான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. உரிமம் உள்ள சங்கத்துத் துப்பாக்கியில் மரத்தாலான கன்னக்கட்டை, தோள்கட்டை போன்றவற்றை உரிமம் இல்லாத தச்சர் செய்யலாமா, கூடாதா? செய்யலாம் என்றால் யாரிடம் காட்டி, எந்தப் பதிவேட்டில் எழுதிச் செய்வது? இதை எல்லா மாவட்டத்துக்கும் ஒரு சுற்றறிக்கையாக, தமிழிலும் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.

மகளின் முகத்துக்கு அளவெடுத்து வெட்டிய அட்டை என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கூடாது என்பதுதான் உங்கள் பதில் என்றாலும் அதையும் எழுத்தில் கொடுங்கள். அன்றைக்கே அந்த அட்டையைக் கழற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு தச்சுத் தொழிலாளி