பழைய ஷாட்கன்னும் கம்பெனியின் வாக்கும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. குடும்பச் செய்திகளுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுவதும் உங்கள் பழைய ரெமிங்டன் 870 ஷாட்கன் பற்றியதே. நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை.

பம்பை, அதாவது குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் கைப்பிடியை, இழுக்கும்போது அடுத்த தோட்டா, அதை மேலே உயர்த்தும் தூக்கியின் கீழே நழுவிச் சிக்கி, இயக்கமே இறுகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கம்பெனிக்கு அனுப்பினால் வாரண்டியில் புதிய துப்பாக்கி தருவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள் என்று நம்ப இடமில்லை. அனுப்பத் தேவையும் இல்லை என்பது என் கருத்து.

முதலில், குழலில் பொறித்திருக்கும் பெயருக்கு இன்று யார் பொறுப்பு என்று பார்க்க வேண்டும். 1816-இல் தொடங்கிய ரெமிங்டன் 2020-இல் திவால் நீதிமன்றத்தின் வழியே துண்டுதுண்டாக விற்கப்பட்டது. அதன் கையில் இருந்த மார்லின் என்ற துப்பாக்கிப் பெயர் ரூகர் கம்பெனிக்கும், தோட்டா வணிகம் விஸ்டா அவுட்டோருக்கும், துப்பாக்கிப் பிரிவு ரவுண்ட்ஹில் குழுமத்துக்கும் போயின. திவாலில் சொத்தை வாங்குகிறவர் இயந்திரங்களையும் பெயரையும் வாங்குவாரே தவிர, பழைய முதலாளி வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைப் பெரும்பாலும் சேர்த்து வாங்குவதில்லை. இன்னொரு பழைய துப்பாக்கிப் பெயரான வின்செஸ்டரின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 1981-இல் அதன் உரிமையாளரான ஒலின் நிறுவனம் நியூ ஹேவன் ஆலையைக் கைமாற்றி விட்டுப் பெயரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. பெயரை உரிமத்தில் பயன்படுத்திவந்த அந்த ஆலையும் 2006-இல் மூடப்பட்டது. ஆகவே இருபது, முப்பது ஆண்டுகள் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைப்பவர், பல நேரங்களில் அதே பெயரைச் சூடிய வேறொருவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி கைமாறாமல் இருந்தாலும் வாரண்டி என்பது நாம் நினைக்கும் அளவுக்கு அகலமானதல்ல. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் சட்டம் எழுத்து வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்தால் அது முழுமையானதா, வரையறுக்கப்பட்டதா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அந்த வம்பே வேண்டாம் என்று ரூகர் நிறுவனம் நெடுங்காலம் எழுத்து வாரண்டியே தராமல் இருந்தது. ஆனால் பழுது என்று போனால் கவனித்து அனுப்புகிறவர்கள் என்ற நல்ல பெயர் அவர்களுக்கு உண்டு. எழுதிக் கொடுக்கும் கம்பெனிகளோ பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கின்றன. நீங்கள் இரண்டாம் கையாக வாங்கியவர் என்பதால், காகிதத்தின்படி உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மீது அதிகாரம் கிடையாது. அது ரொட்டி சுடும் பெட்டியைத் திரும்பப் பெறச் சொல்லலாம், ஷாட்கன்னைச் சொல்ல முடியாது. எனவே ஒரு கம்பெனி தானாக முன்வந்தோ, வழக்குக்குப் பயந்தோ செய்தால்தான் உண்டு.

தானாக முன்வந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரௌனிங் துப்பாக்கிக் கம்பெனி. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும், வால்நட் மரத்தை விரைவாக உலர்த்துவதற்காக உப்பில் பதப்படுத்தினார்கள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, அடிக்கட்டைக்குள் மறைந்திருக்கும் உலோகத்தைத் தின்றது. வெளியே பளபளப்பாக இருக்கும் சூப்பர்போஸ்ட் துப்பாக்கியின் கட்டையைக் கழற்றினால், திருகுகளின் கழுத்தில் செம்பழுப்புத் துரு அப்பிக் கிடக்கும். இன்றைக்கும் பழைய பிரௌனிங்கை விலை பேசுகிறவர்கள், அடிக்கட்டையின் பின்புறத் தகட்டைக் கழற்றி, பூச்சில்லாத மரத்தின்மேல் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார்கள். அது வெண்மையாகத் திரண்டால் உப்பு இருக்கிறது என்று பொருள். அந்தக் கம்பெனி பல ஆண்டுகள் கட்டைகளை மாற்றியும் துருவைச் சரிசெய்தும் கொடுத்தது. தவறு தன்னுடையது என்று எவரும் மறுக்க முடியாதபடி மரத்திலேயே சான்று இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாப் பழுதும் அப்படிச் சான்று சொல்லாது. சில பழுதுகள் உரிமையாளருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். குழல் பிளந்து வந்த துப்பாக்கியைக் கம்பெனியில் பிரித்துப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் பிளந்தது என்பதைத்தான். தோட்டா அறையிலேயே வெடித்திருந்தால் அளவுக்கு மீறிய அழுத்தம் என்று ஐயப்படுவார். வீட்டில் நிரப்பிய தோட்டாவா என்ற கேள்வி உடனே வரும், ஆம் என்றால் வாரண்டி அத்துடன் முடிந்தது. அறையைத் தாண்டிக் குழலின் நடுவில் மோதிரம்போல் வீங்கியிருந்தால், உள்ளே சேறோ, பனியோ, முந்தைய தோட்டாவிலிருந்து வெளியேறாமல் நின்ற அடைப்புத் துண்டோ தங்கியிருந்தது என்று எழுதிவிடுவார். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தால், வீக்கம் உள்ள இடத்தில் ஒரு கருவளையம் தெரியும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேஜ் என்பது குழலின் உள்ளகல அளவு; எண் கூடினால் அகலம் குறையும். 12 கேஜ் குழலில் தவறுதலாக 20 கேஜ் தோட்டா விழுந்தால், அது அறையைத் தாண்டி நழுவிக் குறுகும் இடத்தில் நின்றுகொள்ளும். பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் போய்விடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே அதற்காகத்தான். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவை எஃகாக இருந்தாலும் அப்படியே. 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை தடைசெய்யப்பட்டதும், ஈயத்துக்காகச் செய்த பழைய குழல்களில் எஃகைப் போட்டுச் சோக்கை, அதாவது குழல் முனையின் குறுக்கத்தை, கெடுத்துக்கொண்டவர்கள் பலர். பெல்ஜியத்தில் செய்த தன் ஆட்டோ-5 ஷாட்கன் குழல்களில் எஃகு ரவை வேண்டாம் என்று பிரௌனிங் வெளிப்படையாகவே சொல்கிறது. அதை மீறிவிட்டு மாற்றுக் குழல் கேட்டால் யார் தருவார்?

இனி மாற்றுத் துப்பாக்கி என்ற பேச்சு. என் மாமனார் விட்டுச்சென்ற இரட்டைக் குழல் உங்களுக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டு அதன் இடப்பக்கக் குழல் சுடாமல் போனது. செய்த கம்பெனிக்கே அனுப்பினேன். நெடுநாள் கழித்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது: உதிரிபாகங்கள் தீர்ந்துவிட்டன, துப்பாக்கியை எங்களிடமே விட்டுவிட்டால் இப்போது விற்கும் வகை ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் கையால் பொருத்திய பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, இயந்திரத்தில் வார்த்த புதியதை, அதுவும் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதற்குச் சேவை என்று பெயர் வைத்தது எனக்கு ஒப்பவில்லை. இருந்தபடியே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினேன். பாதுகாப்பற்றது என்று தாங்கள் முடிவு செய்ததைத் திருப்பித் தரச் சில கம்பெனிகள் தயங்கும். என்னிடம் ஒரு பொறுப்பு விலக்குக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பழைய இரட்டைக் குழல்களையே பார்த்துப் பழகிய ஒருவர், தோட்டாவின் அடியைக் குத்தும், முனை உடைந்த ஃபயரிங் பின்னுக்குப் பதிலாகக் கடைசலில் புதிதாக ஒன்றைக் கடைந்து போட்டுக் கொடுத்தார். இப்போது இரண்டு குழலும் சுடுகின்றன.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த இடத்தில் வாடிக்கையாளருக்கு அனுகூலமாகவே இருக்கிறது. பழுது பார்க்க உரிமையாளர் நேரடியாகக் கம்பெனிக்கு அனுப்பலாம். பழுது பார்த்ததையோ, அதே வகையும் அதே இனமும் சேர்ந்த மாற்றையோ கம்பெனி நேரடியாக அவருக்கே திருப்பி அனுப்பலாம், இடையில் கடைக்காரர் தேவையில்லை. வேறு வகை ஒன்றைத் தந்தால் அந்தச் சலுகை பொருந்தாது, உரிமம் உள்ள கடை வழியாகத்தான் கைக்கு வரும். மாற்றாக வருவதற்கு வரிசை எண்ணும் வேறாக இருக்கும் என்பதால், காப்பீட்டுக்கோ உயிலுக்கோ பழைய எண்ணை எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் திருத்த வேண்டும். அனுப்புவதற்கு முன்பே, என் எழுத்து அனுமதி இல்லாமல் மாற்றவோ அழிக்கவோ கூடாது என்று ஒரு வரி எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது. தனியாக வாங்கிப் பூட்டிய நல்ல சோக், கட்டை, தோள்வார் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். போனது திரும்பி வராவிட்டால் அவற்றுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உங்கள் 870-க்கு இந்தப் பாடே வேண்டியதில்லை. இயக்கப் பாகங்கள் அடங்கிய உடற்பகுதியான ரிசீவரின் உட்சுவரில் அடித்து இறுக்கிய, அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் தாழ் தளர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நீண்ட காலம் உழைத்த 870-களில் அது தெரிந்த நோய்தான். அதைத் திரும்ப அடித்து இறுக்கலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். 1950 முதல் ஒரு கோடிக்கு மேல் விற்ற துப்பாக்கி என்பதால், கம்பெனி கைவிட்டாலும் உதிரிபாகச் சந்தை கைவிடாது. நல்ல பழுதுபார்ப்பவர் ஒருவருக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை. அதுவரை அதில் தோட்டா நிரப்பாதீர்கள்.

குழலின் இடப்பக்கத்தில், ரிசீவரை ஒட்டி, இரண்டு சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து மாதம், அடுத்தது ஆண்டு. அவற்றை எழுதி அனுப்பினால் அந்தக் குழல் எப்போது செய்தது என்று பார்த்துச் சொல்கிறேன். 870-இன் குழலை யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம் என்பதால், ரிசீவரின் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்