வாசகர் சங்க ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

போன ஆண்டு நான் வாசித்த அறிக்கை பதினோரு பக்கம் ஓடியதென்றும், முடிவதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்களென்றும் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறீர்கள். அதனால் வழக்கமான சங்கதிகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஐப்பசியில் மழையாலும் மாசியில் மகமாயி திருவிழாவாலும் இரண்டு விட்டுப்போயின. உறுப்பினர்கள் 64 பேர். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டதால் வாசிக்கவில்லை; அவரவருக்குத் தெரியும். படிப்பகத்தின் மேற்கு மூலையில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சரி, இனி நாம் தஞ்சாவூர் போய் வந்த பயணத்துக்கு வருகிறேன்.

இந்தப் பயணம் ஆவணிக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வியில் தொடங்கியது. “கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த புத்தகமெல்லாம் இப்போது எங்கே?” என்றார். அவர் 1992இல் காலமானதும், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியதும், 1994 முதல் அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருப்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்கள் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பக்கத்து ஊர் வீட்டில் இருந்ததைப் பார்க்க 400 கிலோமீட்டர் போக வேண்டுமா என்று ஒரே பேச்சு. கரையான் தின்னாமல் அது பிழைத்ததே பெரிய காரியம் என்பது என் கட்சி. கடைசியில், சென்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இருந்த இடத்திலேயே இருக்கிற ஒரு நூலகத்தை முதலில் பார்ப்போம் என்று முடிவாயிற்று. தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கும் சரசுவதி மகால் நூலகம் இங்கிருந்து 100 கிலோமீட்டர்தான்.

ஒரு தவற்றை நானே சொல்லிவிடுகிறேன். முதலில் நான் குறித்த நாள் நூலகத்துக்கு விடுமுறை நாள். வண்டிக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் அது தெரிந்தது. வண்டிக்காரர் முன்பணத்தை அடுத்த தேதிக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் குளிர்சாதன வண்டி என்று சொன்னதில் குளிர் கந்தர்வகோட்டை வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் சன்னல் காற்று. வாடகையில் எவ்வளவு குறைத்தார் என்பதைப் பொருளாளர் சொல்வார்; பெரிதாக ஒன்றுமில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு 26 பேர் கிளம்பினோம். திருமயம் கோட்டை இருட்டில் கறுப்பாக நின்றது. புதுக்கோட்டை தாண்டுவதற்குள் கொட்டான்களில் இருந்த சீடையும் மாவுருண்டையும் பாதி காலி. தஞ்சாவூர் எல்லையில் எங்களுக்கு வழிகாட்டியாக ஏறிக்கொண்டவர் அந்த ஊரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். “இன்றைக்கு அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்றும் காட்ட மாட்டேன்” என்றுதான் பேச ஆரம்பித்தார்.

கல் சுடுவதற்கு முன்பே பெரிய கோவிலைப் பார்த்துவிட்டோம். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் 216 அடி, இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிரியர் சொன்னதில் எனக்குப் புதிது இரண்டு. விமானத்தின் மேல்தளத்தில் கரணங்கள் என்னும் 108 நடன நிலைகளைச் செதுக்கத் தொடங்கி 81 முடித்திருக்கிறார்கள். மீதிக்கான கல் வெறுமனே இருக்கிறதாம். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு இடமும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அங்கேயே வைத்திருக்கும் படங்களைத்தான் பார்த்தோம். வெளிச்சுற்றில் 1803இல் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் சரபோஜி வெட்டுவித்த மராத்தியக் கல்வெட்டையும் காட்டினார். அவருடைய போன்சலே வம்சத்தின் கதை முழுவதும் சுவரில் இருக்கிறது. ஒரு ஆச்சி அருகே போய்ப் பார்த்து, “கணக்குப்பிள்ளை எழுதின மாதிரி நெருக்கி நெருக்கி வெட்டியிருக்கானே” என்றார்.

அரண்மனைக் கலைக்கூடத்தில்தான் நேரம் போனதே தெரியவில்லை. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் என்ற சிவனின் செப்புத் திருமேனிக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். 1011இல் செய்தது. முடியைத் தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பு வைத்து, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே போட்டு ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார். வலக்கை எதன் மேலோ ஊன்றியிருப்பதுபோல் மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. “கைக்கு அடியில் என்ன இருக்கிறது?” என்று ஆசிரியர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற எங்கள் வண்டி ஓட்டுநர், “மாடு இல்லீங்களே” என்றார். அதுதான் சரி. ரிஷபம் கிடைக்கவில்லை. மாடு இல்லாமலேயே மாட்டின் உயரம் அந்த மணிக்கட்டில் தெரிகிறது. நான் மூன்று தடவை திரும்பிப்போய்ப் பார்த்தேன். மண்டபத்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்த சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலையும் இருக்கிறது. அதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டவர்களே அதிகம்.

மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு என்று சொல்லி வைத்திருந்த ஓட்டலில் இரண்டேகாலுக்குத்தான் இலை விழுந்தது. அதைப்பற்றி வண்டியில் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

பிறகு நூலகம். நாயக்கர் காலத்தில் அரண்மனைச் சுவடிச்சாலையாகத் தொடங்கி, மராத்தியர் கையில் வளர்ந்து, இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்ட காலத்தில் இன்றைய உருவத்துக்கு வந்தது. காசி யாத்திரை போன மன்னர் அங்கிருந்து சுவடிகளோடு திரும்பினார். சீமையிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் வரவழைத்திருக்கிறார். அவற்றில் ஆங்கிலத்தில் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார். நாம் பார்க்க முடிந்தது அருங்காட்சியகப் பகுதியை மட்டுமே. அதற்குள்ளேயே ஓலைச்சுவடி, மராத்தியை எழுதிய மோடி எழுத்தில் உள்ள ஆவணம், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த பிரெஞ்சுப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் படங்களில் யார் யாருடைய முகம் இருந்தது என்று வண்டியில் நடந்த விவாதத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் நடத்தியதும், கண் நோயாளிகளின் விவரத்தைப் படத்தோடு எழுதி வைத்ததும் எங்கள் ஊர் மருந்துக்கடை அண்ணனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு கண்ணின் படத்துக்குக் கீழே நோய்க்குறிப்பும் சிகிச்சையும். “இப்ப சீட்டுல டாக்டர் கையெழுத்தே புரியல” என்று அவர் அலுத்துக்கொண்டார்.

தமிழ்ச் சுவடிகள் ஏறக்குறைய 3,500தான்; மிகப் பெரும்பங்கு வடமொழி. இது சிலருக்கு வருத்தம். எனக்கு வேறொன்று உறைத்தது. 1870களில் பர்னெல் என்ற மாவட்ட நீதிபதி அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தார். 1880இல் அது அச்சாகி வெளிவந்தது. இன்ன சுவடி இன்ன இடத்தில் இருக்கிறது என்பது வெளியே தெரிந்த பிறகுதான் அறிஞர்கள் தேடி வந்தார்கள். பொதுமக்களுக்கு நூலகம் திறந்தது 1918இல். நம் படிப்பகத்தில் மூன்று பீரோ புத்தகங்கள் இருக்கின்றன. என்னென்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்ததில்லை. பதினாலு ஆண்டாகச் செயலாளராக இருக்கிறேன். இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம்தான்.

சுவடியில் பூச்சி வராமலிருக்க அங்கே கையாளும் முறையை ஆசிரியர் சொன்னார். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாவற்றையும் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிமுடிச்சாகக் கட்டிப் போடுவார்கள். “கற்பூரத்தை எடுத்துட்டா என் அஞ்சறைப்பெட்டிதான்” என்றார் கீழத்தெரு ஆச்சி. ஓலையைத் தூசு தட்டி எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவதையும், மங்கின எழுத்துக்கு விளக்குக் கரி தேய்ப்பதையும் குறித்துக்கொண்டோம்.

வீணை செய்யுமிடத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடிந்தது. ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையையும், சுரம் பிடிப்பதற்கான 24 மெட்டுகளை மெழுகில் வைப்பதையும் பார்த்தோம். அதற்கே ஒரு நாள் வேண்டும். திரும்பி வீடு சேர இரவு பதினொன்று.

போய் வந்ததோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரவர் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய ஏடு எதுவானாலும் கொண்டுவரலாம் என்று சொன்னோம். நாலைந்து வரும் என்று நினைத்தேன். கூட்டம் நடந்த பட்டாலைக் கூடத்தில் பாய் போதவில்லை. மொய்ப்பண ஏடு, இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்தம் எழுதிய ஓலை, ரங்கூன் கடைப் பேரேடு, வட்டிக் கணக்கு. ஒரு ஓலைக்கட்டைத் துணியால் துடைத்து எண்ணெய் தடவி, பஞ்சில் கரி தொட்டுத் தேய்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரத்திலிருந்து எழுத்து ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வந்தது. அது ஒரு கல்யாணத்தின் சீர்ப் பட்டியல். வெள்ளிக் குடம் இரண்டு, பித்தளைச் சாமான் இத்தனை என்று. கொண்டுவந்தவர் அப்பத்தாவின் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். இவற்றைச் சங்கம் வாங்கிக்கொள்ளவில்லை. பார்த்து, படம் எடுத்து, விவரம் எழுதிக்கொண்டு சிவப்புத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது கதவும் தூணும் ஓவியமும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய் விலையாவது பெறுகின்றன. பேரேடு எடைக்குத்தான் போகிறது. அப்படிப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

படிப்பகத்துப் பட்டியல் வேலையும் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் ஞாயிறுதோறும் வந்து இரண்டு பீரோவை முடித்துவிட்டார்கள். 1,140 புத்தகம், அட்டை போனவை தனி. பலவற்றில் கொடுத்த வீட்டின் விலாசம் முத்திரையாகக் குத்தியிருக்கிறது. சரபோஜி கையெழுத்துப் போட்டது போலத்தான் நம் அய்யாக்களும் செய்திருக்கிறார்கள். அந்த முத்திரைகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். அடுத்த வாரம் முதல் மேசையில் இருக்கும், உங்கள் வீட்டு விலாசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வரும் ஆண்டில் சென்னை போவதாகத் திட்டம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், பக்கத்திலேயே அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள். இரண்டு நாள் வேண்டும். வர விரும்புகிறவர்கள் ஆடிக்குள் பெயர் கொடுக்கவும். விடுமுறை நாளை இந்தத் தடவை நான் முன்கூட்டியே விசாரித்துவிட்டேன்.

வழிகாட்டிய ஆசிரியருக்கும், கட்டுச்சோறு கட்டித் தந்த ஆச்சிமார்களுக்கும், பட்டியல் எழுதிய பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

மூன்றாவது பீரோ பூட்டியே இருக்கிறது. அதன் சாவி எனக்கு முன்பிருந்த செயலாளர்கள் யாரோ ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பித்தளைச் சாவி, தலையில் மூன்று துளை இருக்கும். யார் வீட்டு ஆணியில் தொங்கினாலும் தயவுசெய்து கொடுத்தனுப்பவும். பூட்டை உடைக்க எனக்கு மனசில்லை.

இங்ஙனம்,
செயலாளர்