எங்களுக்கு வேண்டியது ஆவி: அணுமின் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அணுசக்தித் துறை அதிகாரிகளுக்கும் இந்திய அணுமின் கழகத்தாருக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஒரு சாய ஆலையில் பாய்லர் பார்ப்பவன் நான். 10 கிலோ பிரஷரில், ஏறக்குறைய 184 டிகிரியில் நீராவி கொடுப்பது என் வேலை. ஒரு கிலோ விறகு போட்டால் மூன்று, மூன்றரை கிலோ ஆவி வரும். நிலக்கரி என்றால் இன்னும் கூட. பருத்திக்கு 60 டிகிரி, வெளுக்க 95, பாலியெஸ்டருக்கு 130 என்று மெஷின்காரர்கள் கேட்கக் கேட்க அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் வற்றக் காய்ச்சி உப்பெடுக்கிறோமே, அந்த எவாப்பரேட்டருக்கும் ஆவிதான். ஆற்றில் விடாததைப் புகைபோக்கி வழியாக விடுகிறோம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

சாயப் பக்கம் 200 டிகிரியைத் தாண்டிய தேவையே கிடையாது. (துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் மெஷின் கதை வேறு, அதற்குச் சூடாக்கிய எண்ணெய்.) காகித ஆலை, சர்க்கரை ஆலை, பால் பண்ணை எல்லாம் பெரும்பாலும் இதே கணக்குத்தான். உங்கள் 220 மெகாவாட் கனநீர் உலையில் (கனநீரால் குளிர்விக்கும் அணுஉலை) பிறக்கும் ஆவியோ சுமார் 40 கிலோ பிரஷர், 250 டிகிரி. எங்கள் பாய்லரைவிட ஒரு படி மேல். அதை வைத்துக்கொண்டு நீங்கள் மெகாவாட் கணக்கு மட்டுமே பேசுகிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

உலையில் மூன்று பங்கு சூடு பிறந்தால் ஒரு பங்குகூட முழுசாக மின்சாரம் ஆவதில்லை. மிச்சம், ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் வழியாகக் கடலுக்கோ கூலிங் டவருக்கோ போகிறது. அந்த மின்சாரத்தை வாங்கி எலெக்ட்ரிக் பாய்லரில் ஆவியாக்கு என்றால், மூன்று படி அரிசி களைந்து ஒரு படி சோறு எடுக்கிற கதை. கடலுக்குப் போகும் வெதுவெதுப்பில் சாயம் காய்ச்ச முடியாது, அது எனக்கும் தெரியும். டர்பைனின் நடுவிலேயே ஆவியைப் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்த அளவுக்கு மின்சாரம் குறையும். குறையட்டுமே. அந்த ஆவியால் ஆலைகளில் எரிக்காமல் மிச்சமாகும் கரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. கல்பாக்கத்தில் உங்கள் உலையின் ஆவியைப் பிரித்து, நாளுக்கு 45 லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைக் கட்டியது உங்கள் துறைதான். ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் பக்கத்துக் கனநீர் ஆலைக்கு ஆவி போனது உங்கள் உலையிலிருந்துதான். சுவிட்சர்லாந்தின் கோஸ்கனில் 1979 முதல் அணுஉலை ஆவியில் அட்டை ஆலை ஓடியிருக்கிறது. அதற்கு முன் அங்கே எண்ணெய் எரித்தார்கள். சீனாவில் தியான்வான் நிலையம் 2024 ஜூனில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குக் குழாய் போட்டு ஆவி அனுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு 48 லட்சம் டன் ஆவி, அதனால் மிச்சமாவது 4 லட்சம் டன் நிலக்கரி என்பது அவர்கள் சொன்ன கணக்கு. கரி அள்ளிப் போட்டவனுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும்.

2024 டிசம்பர் கடைசியில் நீங்கள் தொழில் நிறுவனங்களை அழைத்தீர்கள்: உங்கள் பணத்தில் 220 மெகாவாட் பாரத் சிறு உலை கட்டித்தருகிறோம், மின்சாரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று. 2025 பட்ஜெட்டில் சிறு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கீடும் வந்தது. நல்லது. ஆனால் ஆவிக்கு வழி விடுவதை முதல் வரைபடத்திலேயே போட வேண்டும். ஓடுகிற ஆலையில் பிறகு ஒரு லைன் பிரிப்பது எவ்வளவு தலைவலி என்று எந்தப் பாய்லர்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

திருப்பூருக்கு உலை கேட்கவில்லை. இங்கே தண்ணீரும் இல்லை, இடமும் இல்லை. ஆளுக்கொரு பாய்லர் வைத்துச் சிதறிக் கிடக்கிறோம். ஆவி நெடுந்தூரம் போகிற சரக்கும் இல்லை, குழாய் நீள நீளச் சூடும் பிரஷரும் இறங்கும். ஒரே வேலிக்குள் மணிக்கு நூற்றுக்கணக்கான டன் ஆவி குடிக்கும் உர ஆலை, காகித ஆலை, சுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் இது பொருந்தும். சிமென்ட் சூளைக்கும் இதையே காட்டி ஆசை வார்த்தை சொல்லாதீர்கள். அங்கே 1,450 டிகிரி வேண்டும், இந்த உலை கிட்டக்கூட நெருங்காது.

இரண்டு விஷயம் முதலிலேயே பேசியாக வேண்டும். ஒன்று, நின்றுபோவது. இங்கே ஒரு நாள் ராத்திரி பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் மக்கர் செய்து இருபது நிமிடம் பிரஷர் இறங்கியது. சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ஓடிக்கொண்டிருந்த துணி லாட் மொத்தமும் ஷேடு மாறி, கறுப்பில் முக்கித்தான் கரையேற்றினோம். உங்கள் கனநீர் உலை எரிபொருள் மாற்ற நிற்காது, ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் என்பது பெரிய வசதி. ஆனாலும் உலை சில நேரம் ட்ரிப் ஆகி, திடீரென்று நின்றுபோகும். அன்றைக்கு ஓடுகிற மாதிரி ஒரு ஸ்டாண்ட்பை பாய்லர் யார் செலவில், எத்தனை நிமிடத்தில் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று பயம். குழாயில் வருவது உலையைத் தொட்ட ஆவியா என்று ஜனங்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கூடங்குளம் அணுஉலையைப் பற்றி இடிந்தகரையில் கேட்டவர்கள் மேல் வழக்குப் போட்ட நாடு இது. கல்பாக்கத்தில் நடுவே ஒரு வெப்பமாற்றி வைத்து, உலைப் பக்கத்து ஆவி வேறு, ஆலைக்குப் போகும் ஆவி வேறு என்று பிரித்தீர்களே, அதைப் படம் போட்டுக் காட்டுங்கள். ஆலைப் பக்கத்து ஆவியிலும், குளிர்ந்து வடிந்து திரும்பும் தண்ணீரிலும் கதிரியக்க அளவு என்ன என்று கேட்டில் ஒரு போர்டு வைத்துத் தினமும் எழுதுங்கள். எங்கள் கழிவுநீர் அளவையே ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த அழைப்பு விண்ணப்பத்தில் "எத்தனை மெகாவாட்" என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போடுங்கள்: "மணிக்கு எத்தனை டன் ஆவி, என்ன பிரஷர், உலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்." யார் யார் நிரப்பி அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் வரைபடத்தைத் திறங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாய்லர் ஆப்பரேட்டர்,
திருப்பூர்.