ஓடு உடைந்தால் கிளிஞ்சல் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

முட்டை ஓடு எளிதில் உடைந்தால் ‘கோழித் தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டுங்கள்’ என்பதுதான் பண்ணைகளுக்குக் கிடைக்கும் ஒரே அறிவுரை. அது பாதிதான் சரி. ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது கிளிஞ்சலில் உள்ள அதே சுண்ணம்; புரதம் முதலான கரிமப் பொருள்கள் 3 முதல் 4 சதவீதமே. ஆனால் சுண்ணம் எங்கே, எந்த வடிவில் படிய வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தச் சிறு பங்குதான்.

கோழியின் முட்டைக்குழாயில் ஓடு உருவாகும் இடமான ஓட்டுச் சுரப்பிக்குள் முட்டை வரும்போதே அதன் வெளிச்சவ்வின்மேல் புரதம் செறிந்த நுண்முடிச்சுகள் இருக்கும். படிகம் அங்குதான் முளைவிடும். முதலில் சேர்வது ஒழுங்கான படிகமல்ல, உருவற்ற கால்சியம் கார்பனேட். ஓவோகிளைடின்-17 என்ற புரதம் அந்த நுண்துகளைப் பற்றி கால்சைட் என்ற ஒழுங்கான சுண்ணப் படிகமாக்கிவிட்டு, துகள் வளர்ந்ததும் விலகிக்கொள்கிறது என்று 2010இல் கணினி மாதிரிகள் காட்டின. ஆஸ்டியோபான்டின் என்ற இன்னொரு புரதம் படிகத்தின் நுண்கட்டமைப்பைச் சிறிதாக்குகிறது. ஓட்டின் வெளிப்பகுதியில் அது அதிகம், அதனால் அங்கே கடினமும் அதிகம். உட்பகுதியில் குறைவு, குஞ்சு தன் எலும்புக்குச் சுண்ணத்தைக் கரைத்து எடுப்பது அங்கிருந்துதான்.

ஆகவே கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள். உடைந்த முட்டையின் ஓட்டைக் கழுவி, சவ்வோடு காயவைத்து எடை போடுங்கள். 60 கிராம் முட்டைக்கு 5.5 கிராம் அளவில் இருக்க வேண்டும். எடை குறைந்தால் கால்சியம், வைட்டமின் டி3, துத்தநாகம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். கார்பனேட் உருவாக்கும் நொதிக்குத் துத்தநாகம் தேவை. கோடை வெப்பத்தில் கோழி வாய்திறந்து மூச்சிரைத்தால் கரியமில வாயு வெளியேறி, கார்பனேட்டும் குறையும். அப்போது கொட்டகையைக் குளிர்விப்பதுதான் வழி. எடை சரியாக இருந்தும் உடைகிறதென்றால் கட்டமைப்பில் குறை. தாமிரம் குறைந்தால் சவ்வின் இழைகள் சரியாகப் பின்னாது, மாங்கனீசு குறைந்தால் முடிச்சுகள் சீராக அமையாது. தொற்று மூச்சுக்குழல் நோய் (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ் என்ற வைரஸ் நோய்) கண்ட கோழியின் முட்டைக்குழாயே பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் சுண்ணத்தை மேலும் கொட்டினால் தீவனம் எடுப்பது குறையும், துத்தநாகமும் மாங்கனீசும் உடலில் சேர்வது இன்னும் தடைபடும்.

கால்சியம்தான் குறை என்றால், தீவனத்தில் சுமார் 4 சதவீதம் போதும். அதில் ஒரு பகுதியைத் தூளாக அல்லாமல் 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டுகளாக மாலையில் கொடுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. துண்டுகள் இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து அந்நேரத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
கோழித் தீவன ஆலோசகர்கள்