டாப் ஸ்டேஷன்: எந்த ஸ்டேஷன்?

ஐயா,

மூணாறு சுற்றுலா பற்றி எழுதுபவர்கள் டாப் ஸ்டேஷனின் மேகத்தைப் படம் பிடிக்கிறார்கள், சரி. பேரில் ஏன் ‘ஸ்டேஷன்’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

அது தேயிலை இறக்கிய சரக்குப் பாதையின் மேல்முனை. 1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து ரோட்டில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தது மாடு! 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக்கி, நீராவி எஞ்சின் விட்டார்கள். மூணாறிலிருந்து குண்டளை வழியாக வந்த தேயிலைப் பெட்டிகள், டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தில் தொங்கியபடி எங்கள் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அப்புறம் போடி வழியாகக் கப்பலுக்கு.

1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவில்லை. மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் பேசுகிறார்கள் (கொல்லம் ஆண்டு 1099). நம் பக்கம் பேச்சே இல்லை.

டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே இந்தக் கதையைச் சொல்லும் பலகை ஒன்றைச் சுற்றுலாத் துறை வைக்கட்டும்; கொட்டகுடியிலும் ஒன்று.

– வாசகர், போடிநாயக்கனூர்