ஒரு பருவமாவது சும்மா விடுங்கள்: வேலூர் வட்டார நாய்க்குட்டி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பகுதிகளில் வீட்டிலும் கடையிலும் சிறிய இன நாய்களை வளர்த்துக் குட்டி விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

யாருடைய பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பது உங்களுக்குள் தெரியும். கிராஸுக்கு, அதாவது இணை சேர்க்க, ஆண் நாய் கொடுத்தவருக்குத் தெரியும், குட்டிகளை வாங்கிக் கைமாற்றிய கடைக்காரருக்குத் தெரியும், எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆகவே முழுக் கதையையும் இங்கே சொல்லத் தேவையில்லை. மே மாதம் வலிப்பு வந்து சாகக் கிடந்த தன் பெண் நாய் ஸ்வீட்டியைப் போன வாரம் மறுபடியும் கிராஸுக்கு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார் உங்களில் ஒருவர். அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. குட்டி போட்ட நாயை, அடுத்து வரும் பருவத்தில் இணை சேர்க்காதீர்கள். ஒரு பருவம் விட்டு ஒரு பருவம், வருடத்துக்கு ஓர் ஈற்று, அதற்கு மேல் வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். சிறிய இன நாய்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகின்றன. சில அதற்கு முன்பே வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். அதன்பின் பால் கொடுப்பது ஆறேழு வாரம். ஒவ்வொரு பருவத்திலும் சேர்த்துக்கொண்டே போனால், ஆறு மாதத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் அதன் வயிற்றிலோ மடியிலோ குட்டி இருக்கிறது. மிஞ்சுகிற இரண்டு மாதத்தில் உதிர்ந்த முடி முளைக்க வேண்டும், இளைத்த உடம்பு தேற வேண்டும், கரைந்த சத்து திரும்பச் சேர வேண்டும். அது முடிவதற்குள் மறுபடியும் ஆட்டோ.

ஸ்வீட்டியை வளர்ப்பவரே, அந்த மே மாத நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு அப்போது மூன்று வாரம். மதியத்திலிருந்தே ஸ்வீட்டி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் எந்த நாய்தான் மூச்சு வாங்காது என்று நினைத்தீர்கள், அதில் தவறில்லை. மாலையில் குட்டிகள் மடியைத் தேடி வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து போனது. நடக்கும்போது பின்னங்கால்கள் மடங்கவில்லை. உதட்டோரம் துடித்தது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு கால்களும் விறைத்து இழுத்துக்கொண்டன. தொட்டால் உடம்பு கொதித்தது.

மருத்துவர் வந்து முன்னங்காலில் நரம்பு பிடித்துக் கால்சியம் ஏற்றினார். வலது கையில் சிரிஞ்ச், காதில் ஸ்டெதஸ்கோப். துளி ஏற்றுவார், நிறுத்துவார், இதயத் துடிப்பைக் கேட்பார், மறுபடியும் துளி ஏற்றுவார். அவசரப்பட்டு ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்றார். நானும் உங்கள் வீட்டம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம். தாயிடம் விடக் கூடாத குட்டிகள் அட்டைப்பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தன. நடுக்கம் மெல்ல அடங்கிய பிறகு, "இது எத்தனையாவது ஈற்று?" என்று மருத்துவர் கேட்டார். நீங்கள் விரல்விட்டு எண்ணினீர்கள். மூன்றில் நின்றீர்கள், நான்கு என்றீர்கள், பிறகு உங்கள் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தீர்கள். தேதி வாரியாகக் குட்டி விற்ற பணத்தை எழுதி வைத்திருந்த நோட்டு அலமாரியில்தான் இருந்தது.

"சினையாக இருக்கும்போதே கால்சியம் டானிக் கொடுத்தேனே சார்" என்றும் சொன்னீர்கள். உங்களில் பலரும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சினைக்காலத்தில் டானிக்கை ஊற்றிக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குத் தரும் உடம்பின் சொந்த ஏற்பாடு சோம்பிவிடுகிறது. ஈன்ற மூன்றாவது, நான்காவது வாரத்தில் குட்டிகள் மிக வேகமாகப் பால் குடிக்கும். அந்த நேரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு ஆகாரம் வேண்டும். பாலில் போகும் வேகத்துக்கு எலும்பிலிருந்து கால்சியம் வராவிட்டால் ரத்தத்தில் சட்டென்று இறங்கி, வலிப்பில் கொண்டுபோய் விடும். நான்கைந்து கிலோ எடையுள்ள சிறிய நாய்கள்தான் இதில் அதிகம் சிக்குகின்றன. ஒருமுறை வந்த நாய்க்கு அடுத்த ஈற்றிலும் வரக்கூடும் என்பதை மருத்துவர் அன்றே, உங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார். நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள்.

பிரசவத்திலும் சிறிய நாய்க்கு ஆபத்து குறைவில்லை. வயிற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் என்றால் அது பெரிதாக வளர்ந்து, குறுகிய இடுப்பில் மாட்டிக்கொள்ளும். கரும்பச்சை நீர் போன பிறகும் முதல் குட்டி வரவில்லை என்றால், அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உங்களில் சிலர் மாட்டுக்குப் பால் இறங்கப் போடும் ஊசியை எடுத்துப் போடுகிறீர்கள். வழி அடைத்திருக்கும்போது அந்த ஊசி கர்ப்பப்பையைக் கிழித்துவிடும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மனிதர்கள் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் நம் ஊர். அந்த ஊரிலிருந்தே, இரவில் நாய்க்கு அறுவை என்றால் எத்தனை பேர் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கார் பிடித்துப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வழியில் வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் முடிந்துபோனவற்றைப் பற்றி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். "சும்மா விட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அக்கா, டாக்டர்களே தொடர்ந்து சேர்க்கச் சொல்கிறார்கள்." இதில் பாதி உண்மை இருக்கிறது. சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பருவம் முடிந்து சுமார் இரண்டு மாதம் நாயின் உடம்பில் சினைக்கால ஹார்மோனே ஓங்கியிருக்கும். வயது ஏற ஏற, கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தை அது கூட்டும். அதனால் நல்ல உடல்நிலையில் உள்ள இளம் நாயை அடுத்தடுத்த பருவத்தில் சேர்ப்பதில் தவறில்லை என்று கருதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதன் மறுபாதியை நீங்கள் காதில் வாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் பரிசோதித்து, எடை தேறியிருந்தால் மட்டும் சேர்த்து, சில ஈற்றோடு இளமையிலேயே நிறுத்திக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்கிறார்கள். எட்டு வயது வரை பருவம் தவறாமல் குட்டி எடுக்கச் சொல்லவில்லை. சீழுக்குப் பயந்தால் அதற்கு மருந்து கருத்தடை அறுவைதான். இன்னோர் ஈற்று மருந்தாகாது.

நம் நாட்டில் சட்டமும் இந்த விவாதத்துக்கு இடம் வைக்கவில்லை. 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து விதிகள் வெளியிட்டது. 18 மாதம் நிறையாத நாயைச் சேர்க்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு பருவத்தில் ஈன வைக்கக் கூடாது. 12 மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வயதைத் தாண்டினால் கூடவே கூடாது. சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாய் வைத்துக் குட்டி விற்பவருக்கும் இது பொருந்தும், "நாங்கள் என்ன பண்ணையா வைத்திருக்கிறோம்" என்று தப்பிக்க முடியாது. நீங்களோ முப்பதாவது நாள் குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பால் குடிக்க ஆளில்லாமல் தாயின் மடி கட்டி, காம்பு சிவந்து வீங்குகிறது. அதற்கு மஞ்சள் பற்று.

மீறினால் என்ன தண்டனை என்று கேட்பீர்கள். சிரிக்காதீர்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. லாங்கு பஜாரில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகும். சட்டம் எழுதியவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள், அதைத் திருத்த வேண்டியவர்கள் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து மூன்று ஆட்சியர் அலுவலகம் வந்துவிட்டது. மனு எழுதித் தருகிறவர்களும் மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள். மனுவோ அதே மேஜையில்தான் தூங்குகிறது. வாங்குகிறவர்களும் உத்தமர்கள் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வெள்ளையாக, கைக்கு அடக்கமாக, நாளைக் காலைக்குள் வேண்டும் என்று நிற்கிறார்கள். தாய் எங்கே என்று ஒருவர் கேட்பதில்லை. இன்னும் சின்னதாக, கோப்பைக்குள் உட்காரும் அளவில் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறார்கள். கோப்பையில் டீயை ஊற்றிக் குடித்துவிட்டுப் போனால் என்ன?

கோபம் எங்கெங்கோ போய்விட்டது. மன்னிக்க வேண்டும், உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே மாடு பிடிக்க வருகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், "எத்தனையாவது ஈற்று?" என்று கேட்பார். பொய் சொன்னால் பல் காட்டிக்கொடுத்துவிடும். ஈன்ற மாட்டை எப்போது திரும்பச் சினைக்கு விட வேண்டும், எப்போது பால் வற்ற விட வேண்டும் என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும். மாட்டுக்கு இருக்கிற இந்த மரியாதையில் கால்பங்கு, ஆயிரக்கணக்கில் சம்பாதித்துக் கொடுக்கிற அந்த நாலு கிலோ நாய்க்கு ஏன் இல்லை?

உங்கள் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. இந்தத் தொழிலை நம்பிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டும் வீடுகளை எனக்குத் தெரியும். "சும்மா விட்டால் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் அன்றிரவு மருத்துவருக்கும் மருந்துக்கும் கொடுத்ததையும், தாய்ப்பால் இல்லாமல் செத்த குட்டிகளின் விலையையும் கூட்டிப் பாருங்கள். ஓய்வு கொடுத்த நாய் தின்றுவிடும் சோறு அதைவிட மலிவு.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன், பணிவாகவே கேட்கிறேன். ஈன்ற நாய்க்கு அடுத்த பருவம் ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு பெண் நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பிறந்த தேதி, பருவம் வந்த தேதி, சேர்த்த தேதி, ஈன்ற தேதி, குட்டி எத்தனை, அறுவை செய்தார்களா என்பதை எழுதி வையுங்கள். வாங்க வருகிறவரிடம் குட்டியைக் காட்டும் முன் தாயையும் அந்தப் பக்கத்தையும் காட்டுங்கள். கடைக்காரர்கள், அந்தப் பக்கத்தின் நகல் இல்லாத குட்டியைக் கையில் வாங்காதீர்கள். நீங்கள் நான்கு பேர் மறுத்தால் போதும், மற்றவர்கள் தானாக எழுதத் தொடங்குவார்கள்.

ஸ்வீட்டி விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. சினை பிடித்திருந்தால் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். ஒரு மாதம் ஆகும்போது ஸ்கேன் எடுங்கள், 55 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈன்ற பின் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கால்சியம் கொடுங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் கூழாகக் கரைத்த ஆகாரம் கொடுத்துத் தாயின் பாரத்தைக் குறையுங்கள். குட்டிகளை எட்டு வாரம் அதனிடமே விடுங்கள். அதன்பின் கருத்தடை. செலவில் பாதியை நான் தருகிறேன், வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மடலைப் படித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். வரும்போது உங்கள் பெண் நாய்களின் ஈற்றுக் கணக்கையும் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் தெருவாசி,
சத்துவாச்சாரி, வேலூர்