பகுதிநேர ஆய்வாளருக்குச் சனிக்கிழமை வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பகுதிநேர முனைவர் பட்டம் என்றாலே பதவி உயர்வுக்குக் குறுக்குவழி என்று பலரும் பேசுகிறார்கள். எனக்கு 53 வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே பதவியும் கிடையாது, உயர்வும் கிடையாது. இருந்தும் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறையில் சேர்ந்திருக்கிறேன்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நகரத்தார் (செட்டியார்) கடைகளின் பேரேடுகள்தான் என் ஆய்வு. என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. தமிழ் எண்களும் மாகாணி, அரைக்கால் கணக்கும் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தவை. என்னோடு படிக்கும் இளம்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கம்ப்யூட்டரில் நான் தடுமாறினால் அவர்கள்தான் கைகொடுக்கிறார்கள். ஆனால் பேரேட்டில் ௧ வந்தால் 'க' என்றும் ௮ வந்தால் 'அ' என்றும் வாசித்துவிட்டு விழிக்கிறார்கள். அந்தக் கடைகளில் வேலை பார்த்த மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் யார் யார் என்று அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்புறம், எந்த ஆச்சியும் முன்பின் தெரியாதவருக்காகப் பெட்டகத்தைத் திறக்கமாட்டார். 'இன்னார் மகளா நீ?' என்று கேட்ட பிறகுதான் சாவி வெளியே வரும்.

பணி ஓய்வுக்குப் பிறகு படிக்கலாமே என்கிறார்கள். அதுவரை காகிதம் காத்திருக்காது. பழைய செட்டியார் வீட்டைப் பிரித்தால் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை உண்டு, பேரேடு எடைக்குத்தான் போகும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் சென்னையில் ஒரு நூலகமாகிவிட்டன. எல்லா ஊருக்கும் ஒரு முத்தையா கிடைக்கவில்லை.

சரி, என் குறைக்கு வருகிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ஆம் ஆண்டு விதிமுறை பகுதிநேர ஆய்வைத் தெளிவாக அனுமதிக்கிறது. ஆறு ஆண்டு உச்சவரம்பு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு இன்னும் இரண்டு. தாராளம்தான். வேலை தருபவர் கொடுக்கும் தடையின்மைச் சான்றில், பாடப்பகுதியை (கோர்ஸ் வொர்க்) முடிக்கத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் இருக்க வேண்டும். என் கம்பெனியும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஆனால் குறைந்தது 12 கிரெடிட் கொண்ட அந்தப் பாடப்பகுதி வகுப்புகள் திங்கள் முதல் வெள்ளிவரை, அதுவும் காலை பத்து மணிக்கு. போனால் சம்பளம் பிடித்தம், போகாவிட்டால் வருகைப் பதிவு குறைவு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நேரத்தில் லீவு கேட்டால் என்ன பதில் வரும் என்பது கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும்.

பகுதிநேரத்தாருக்குச் சனி, ஞாயிறுகளில் வகுப்பு வைக்கலாம். அது முடியாதென்றால், சேர்க்கை அறிவிப்பிலேயே வகுப்பு நாட்களைப் போட்டுவிடட்டும். சான்றில் கையெழுத்து வாங்கும்போதே முதலாளியிடம் அந்தத் தேதிகளுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளையின் மகள்,
கண்டனூர்.